லக்னோ சௌக்கில் ஒரு கமீராச் சாடி

மார்கழி மாதத்தில் கான்பூரிலிருந்து லக்னோவுக்குப் புறப்படுவோர் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செல்வது நலம். இரண்டு மணி நேரப் பயணம், மூடுபனியின் தயவால், அன்று எங்களுக்கு நான்கு மணி நேரமாக நீண்டது.

பெரியம்மா லக்னோவை விட்டுப் புறப்படுகிறார். 1966-இல் மணமாகி இந்நகருக்கு வந்தவர், இனிப் பெங்களூரில் மகனுடன் வாழ்வதென முடிவாகிவிட்டது. வீட்டைக் காலி செய்ய உதவும் பொருட்டே நாங்கள் சென்றோம். பாத்திரங்களையும் பழைய பஞ்சாங்கங்களையும் கட்டி முடித்தபின், பரணின் மூலையிலிருந்து ஒரு பீங்கான் சாடி இறங்கிற்று. வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் மெழுகை உருக்கி ஊற்றியிருந்தது. நார்த்தங்காய் ஊறுகாய் என்றே நாங்கள் மகிழ்ந்தோம்.

"அது ஊறுகாய் இல்லையப்பா. உன் பெரியப்பாவின் கமீரா" என்றார் பெரியம்மா.

கமீரா என்பது உக்காவில் இட்டுப் புகைக்கும் வாசனைப் புகையிலை. தமிழ்நாட்டில் முன்னாளில் குடாக்கு என்று வழங்கியதன் நவாபு வீட்டு உறவு என்று சொல்லலாம். அலுவலக நண்பர் ஒருவரிடம் பெரியப்பா இதனைப் பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் முற்றத்தில் குடகுடவென்று ஓசை கேட்கும். உள்ளே பெரியம்மா சன்னல்களைச் சாத்துவார். முப்பது ஆண்டுகள் நடந்த பூசல் அது. 1998-இல் மருத்துவர் உக்காவை விலக்கினார். அந்த வாரம்தான் வாங்கி வந்திருந்த கமீராவை எறிய மனமின்றிப் பெரியப்பா முத்திரையிட்டு வைத்தார். நுரையீரல் நோயால் 2001-இல் அவர் காலமானார். உக்காவின் நீர் நஞ்சையெல்லாம் வடித்துவிடும் என்று இறுதிவரை நம்பியிருந்தார். நீர் புகையைக் குளிர்விக்கும், அவ்வளவே. நிகோடினும் கரித்தணலின் நச்சு வாயுவும் நீரைக் கடந்து நெஞ்சை அடையத் தவறுவதில்லை.

"வைக்க வைக்க மணம் கூடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உண்மைதானா என்று சௌக்கில் கேட்டுவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கொடுத்துவிடுங்கள்" என்று பெரியம்மா சாடியை எங்களிடம் தந்தார்.

சௌக் என்பது கோல் தர்வாசாவுக்கும் அக்பரி தர்வாசாவுக்கும் இடைப்பட்ட பழங்கடைவீதி. சிக்கன் பூவேலைத் துணிகளும் அத்தரும் ஜர்தாவும் அடுத்தடுத்துக் குவிந்திருக்கும் அந்தச் சந்தில் கண்ணுக்கு முன்னே மூக்கு வழிகாட்டுகிறது. குளிர்காலத்தில் மட்டும் விற்கும் மக்கன் மலாய் என்னும் பால் நுரையை ஓரிடத்தில் உண்டோம். குங்குமப்பூவின் மணம் இருந்தது. நாவில் வைத்ததும் மற்றவை மறைந்தன. கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

புகையிலை இந்நாட்டில் பிறந்ததன்று. 1604-ஆம் ஆண்டளவில், பீஜப்பூரிலிருந்து மீண்ட அசத் பேக் என்பவர் அதனை மணி பதித்த குழலோடு அக்பர் முன் வைத்தார். அரண்மனை வைத்தியர் தடுத்தும் அக்பர் சிறிது இழுத்துப் பார்த்தார். ஜஹாங்கீர் 1617-இல் தடை விதித்தார்; தடை மறைந்தது, புகை நிலைத்தது. பிற்பட்ட நவாபுகளின் லக்னோவிலோ உக்கா ஒரு விருந்தோம்பல் முறையாகவே வளர்ந்தது.

பெரியம்மா சொன்ன அடையாளப்படியே கடையைக் கண்டோம். இப்போது அங்கே மிகுதியாக விற்பது மெல்லும் புகையிலை. கமீரா உள்ளறையில் சில சாடிகளில் மட்டும் இருந்தது. முதியவரான உரிமையாளர் எங்களை அமரச் செய்து தேநீர் தருவித்தபின்பே வந்த காரியத்தைக் கேட்டார். லக்னோவில் அவசரம் காட்டுவது அநாகரிகம்.

கமீரா செய்யும் வகையை அவரே விரித்துரைத்தார். இடித்த புகையிலையை வெல்லப்பாகில் பிசைய வேண்டும். பலாச்சுளை, அன்னாசி, இலந்தை போன்ற பழங்களைக் கூழாக்கிச் சேர்க்க வேண்டும். ஏலம், கிராம்பு, சடாமாஞ்சி, சந்தனத்தூள் என்று சரக்குகள் பின்தொடரும். மட்பானையில் அடைத்துப் பல மாதம் புளிக்க விட வேண்டும். கமீர் என்றாலே புளித்த மாவு என்று பொருளாம். தாழம்பூ அத்தரும் ரோஜா அத்தரும் விற்பனைக்கு முன்பு கடைசியாகக் கலப்பவை. தம் கடைக்கு இலை காயம்கஞ்சிலிருந்தும் அத்தர் கன்னௌஜிலிருந்தும் வந்தன என்றார். 1997-இல் கன்னௌஜ் தனி மாவட்டமாகும் வரை இரண்டும் ஒரே பரூகாபாத் மாவட்டத்து ஊர்கள்.

மெழுகை அவர் கத்தியால் பெயர்த்தபோது ஒரு பக்கம் முன்பே வெடித்திருந்தது தெரிந்தது. மேற்பரப்பு கல்லாய் இறுகிக் கற்கண்டு பூத்திருந்தது. அதை உடைத்து ஒதுக்கினார். அடியிலிருந்து எடுத்த பகுதி மெழுகுபோல் குழைந்தது. கருமையும் பளபளப்பும் கொண்டிருந்தது. உள்ளங்கையில் தேய்த்து நெடுநேரம் முகர்ந்தார்.

"தாழம்பூ போய்விட்டது. ரோஜா போய்விட்டது. நாங்கள் மேலே தெளித்தவை எவையும் இல்லை, ஜனாப்" என்றார். பிறகு இன்னொரு முறை முகர்ந்தார். "ஆனால் உள்ளே வெந்தவை இருக்கின்றன. கிராம்பு இருக்கிறது. பழத்தின் புளிப்பு அடங்கி, பழைய வெல்லமாகிவிட்டது. இலையின் காரமும் தணிந்திருக்கிறது. சந்தனம் அப்படியே இருக்கிறது. அது உங்கள் பக்கத்துச் சரக்கல்லவா?"

சத்தியமங்கலம், சவ்வாது மலைச் சந்தனமரம் திருப்பத்தூர்க் கிடங்கிலும் சத்தியமங்கலத்திலும் ஏலம் போவது நம்மவர் அறிந்ததே. அதை வாங்குவோரில் கன்னௌஜ் வணிகரும் உண்டு. அங்கே செப்புக் கொப்பரையில் மலர் கொதிக்க, அதன் ஆவியை மூங்கிற் குழாய் வழியே சந்தன எண்ணெய் நிறைந்த கலத்தில் இறக்குவர். ஓடிப்போகும் மணத்தைப் பிடித்து வைக்கும் பாத்திரம் சந்தனமே. அதன் விலை ஏறியபின் பலர் பாரஃபின் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாறினர்.

ஆயினும் சந்தனமும் என்றென்றைக்கும் பிடித்து வைக்காது. இலேசான மணப்பொருள்கள் முதலில் ஆவியாகின்றன, கனத்தவை தங்குகின்றன. மற்றொரு புறம், இலையிலும் பாகிலும் உள்ள சர்க்கரை புரதக் கூறுகளோடு மெல்ல வினைபுரிந்து நிறத்தையும் சுவையையும் ஆழமாக்குகிறது. காப்பிக் கொட்டையை வறுக்கும்போது சில நிமிடங்களில் நிகழும் வினைகளுள் ஒன்று இங்கே ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. தொண்டையைக் கரிக்கும் அம்மோனியாவும் குறைகிறது. மேல்நாட்டார் குழாய்ப் புகையிலையிலும் கதை இதுவே. சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இலை மூடிய டப்பாவில் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறப்புறும் என்பர். இறுதியில் வாசனை தெளித்த கலவைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நார்த்தங்காயும் காப்பித்தூளும் ஒரே அலமாரியில் இருந்தாலும் ஒரே விதமாக முதிர்வதில்லை அல்லவா?

முதியவர் சிலும்பியில் ஒரு சிட்டிகை இட்டு, மண்வில்லை மூடி, தணல் வைத்தார். ஒரே முறை இழுத்தார். உடனே இருமினார், இருமல் ஓய்ந்ததும் சிரித்தார்.

"அன்றைய கமீரா இதுவன்று. இது நல்லதா என்றால், நல்லது. அவர் வாங்கியதுதானா என்றால், இல்லை. தாழம்பூ அத்தர் நான்கு துளி விட்டால் இன்றே விற்றுவிடலாம். விடட்டுமா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். வேண்டாம் என்றோம். அவரும் அந்த விடையை எதிர்பார்த்தவர் போல, புதிய துணி ஒன்றைக் கட்டிச் சாடியைத் திருப்பித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அலிகஞ்சு வீட்டில் பெரியம்மா விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தார். அவர் சொன்னதைச் சொன்னோம். "அப்படியானால் பாதி உண்மை" என்றார். சாடியின் துணியை அவிழ்த்து முகம் அருகே கொண்டுபோனார். பிறந்தவீட்டு நிலவறை வாசனை வருகிறது என்றார், சிறிது பொறுத்து, "இது அவர் மேல் அடித்த மணமில்லை. அதை நான் மறக்கவில்லை" என்றார். சன்னல் திறந்தேயிருந்தது.

புகையிலையைத் தோட்டத்து மண்ணில் புதைக்கச் சொன்னார், புதைத்தோம். சாடி பெங்களூருக்கு வரவேண்டும் என்பது அவர் கட்டளை. நார்த்தங்காய்க்கு உதவும் என்றார். கொதிநீரில் மூன்று முறை கழுவினோம். சந்தனமும் கிராம்பும் போகவில்லை. நான்காம் முறை நீரைக் காய்ச்சப் போனபோது, போதும் என்று சாடியை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.