பச்சை மை

பெலிக்கான் கம்பெனிக்காரர்கள் எடெல்ஸ்டைன் வரிசையில் வருடத்துக்கு ஒரு புது நிற மை விடுவார்கள். 2018-இல் வந்தது 'ஒலிவின்'. ரத்தினக் கல்லின் பெயர். 50 மில்லி புட்டி. பாரிசிலிருந்து பேரன் கொண்டுவந்து கொடுத்தான். இத்தனை காலமும் திறக்காமலே அலமாரியில் வைத்திருந்தேன்.

காரணம் உண்டு. புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஊதா மை. குமாஸ்தா ஆனதும் நீலம், கறுப்பு. பச்சை என்றால் கெஜட்டட் அதிகாரிகளுக்கு. வேலையில் சேர்ந்த புதிதில் விவரம் தெரியாமல் ஃபைலில் பச்சையில் குறிப்பு எழுதிவிட்டேன். அதிகாரி கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அதையே நீல மையில் திரும்ப எழுத வைத்தார். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம் சர்வீஸ் முழுக்க பச்சையைத் தொடவில்லை.

போன வாரம் திறந்துவிட்டேன். கிளிப்பச்சை இல்லை, பாசி படிந்த கிணற்றுச் சுவரின் நிறம். கோடு முடிகிற இடத்தில் மை தேங்கி இன்னும் இருள்கிறது. அழகுதான்.

முதலில் கையெழுத்துப் போட்டுப் பார்க்கத்தான் நினைத்தேன். சிரிப்பீர்கள், கை வரவில்லை. பால் கணக்கு எழுதினேன். எட்டிப் பார்த்த மனைவி, "என்னங்க, ஆபீசர் எழுதின மாதிரி இருக்கு?" என்றாள்.

அதற்குக் கீழே போட்டேன் கையெழுத்தை. முழுப் பெயர், தேதியோடு.