ஏலியன் வந்தாங்களா? வவுச்சர் எங்கே?

கிருஷ்ணகிரி பக்கம் மல்லச்சந்திரம் மலைக்குப் போய் வந்தோம். சுத்தியும் பலகைக்கல், மேலே மூடுகல், முன்னால வட்டமா ஒரு ஓட்டை.. இப்படி நூத்துக்கணக்கில் இருக்கு. ஊர்ல குள்ளர் வீடுன்னு சொல்றாங்க. கூட வந்த நண்பனோ, "டேய், இவ்ளோ பெரிய கல்லை மனுஷன் தூக்குவானா? ஏலியன்தான்டா"ன்னான்.

நமக்குப் படிப்பு பி.காம். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஏத்துப்பாரா? "எனக்குப் புரியல" என்பது வவுச்சர் ஆகாது. இந்தப் பக்கத்துப் பாறை, தீ மூட்டினா பலகையா உரியும். இதுமாதிரி பெருங்கற்கால அடக்க இடங்களைத் தோண்டினப்போ எலும்பும் கருப்பு சிவப்பு மட்பாண்டமும் கிடைச்சிருக்கு. வீடும் இல்ல, விண்கலமும் இல்ல, செத்தவங்களுக்குக் கட்டினது.

ஆனா அதே கேள்வி என் பக்கமும் திரும்புது. நம்ம மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172-ன்னு 2022-ல சட்டசபையில அறிவிச்சப்போ, ஒண்ணும் கேட்காம கை தட்டினேன். ரேடியோ கார்பன் முறையில வயசு பாக்கறது பெரும்பாலும் கரித்துண்டுக்கு. இரும்பும் அதே மண்ணடுக்கான்னு தனியா பார்க்கணும். நமக்குப் பிடிச்ச கணக்கைத்தான் முதல்ல தணிக்கை பண்ணணும், இல்லையா?

அந்தக் கல்லைத் தூக்கினவங்க மனுஷங்க. அவங்க கூலியை ஏலியன் கணக்குல வரவு வெச்சுடாதீங்க!