நடு இருக்கையின் கைப்பிடிகள்

பெங்களூருவிலிருந்து பாட்னா செல்லும் காலை விமானத்தில் ஆய்வு மாணவி ஒருத்திக்கு நடு இருக்கை வாய்த்தது. வாய்த்தது என்பதைவிட எஞ்சியது என்பதே பொருந்தும். இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் உண்டு. ஆய்வு உதவித்தொகையோ மூன்று மாதங்களாக வந்தபாடில்லை. களப்பணிக் குறிப்பேடுகள் அடங்கிய பையைக் காலடியில் வைத்துவிட்டு அவள் அமர்ந்தாள். இடப்பக்கம், நடைவழியை ஒட்டிய இருக்கையில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செல்பேசியில் அலுவலகக் கணக்கு பேசிக்கொண்டிருந்தார். வலப்பக்கம், சன்னலோரத்தில், அறுபதைக் கடந்த முதியவர் ஒருவர். மடிப்புக் கலையாத சட்டை, மடியில் துணிப்பை. பணிப்பெண் வந்து பையை முன்னிருக்கையின் அடியில் வைக்கச் சொன்னபோது, பெரும் பிழை செய்துவிட்டவர்போல் பதறி வைத்தார். மகன் பெங்களூருவில் கட்டட வேலை செய்கிறான் என்றும், சட் பூஜைக்கு ஊர் திரும்ப ரயிலில் இடம் கிடைக்காததால் விமானத்தில் ஏற்றிவிட்டான் என்றும், யாரும் கேளாமலேயே இந்தியில் ஒருமுறை சொன்னார். தாம் அங்கே அமர்ந்திருப்பதற்கு விளக்கம் தர வேண்டியிருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம். அதன்பின் பேசவில்லை.

உள்நாட்டுத் தடங்களில் பெரிதும் பயன்படும் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தில் ஒரு வரிசைக்கு ஆறு இருக்கைகள். நடைவழிக்கு இப்புறம் மூன்று, அப்புறம் மூன்று. ஓர் இருக்கையின் அகலம் ஏறத்தாழ 17 அல்லது 18 அங்குலம். மூன்று இருக்கைகளுக்குக் கைப்பிடிகள் நான்கு, முழங்கைகளோ ஆறு. ஓரத்துக் கைப்பிடிகள் யாருக்கு என்பதில் ஐயமில்லை. வழக்கெல்லாம் நடுவிலுள்ள இரண்டைப் பற்றியதுதான்.

அடிக்கடி பறப்போரிடையே வழங்கும் மரபொன்று அந்த வழக்கைத் தீர்த்து வைக்கிறது: அவ்விரண்டும் நடுவில் இருப்பவருக்கு. சன்னலோரத்தவருக்குச் சாய்ந்துகொள்ளச் சுவரும் பார்த்திருக்க வானும் உண்டு. நடைவழியோரத்தவருக்குக் கால் நீட்டச் சிறிது இடமும், எவரையும் கேளாமல் எழுந்து செல்லும் வசதியும் உண்டு. நடுவில் இருப்பவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆகவே கைப்பிடிகளாவது அவருக்கு இருக்கட்டும். பங்கீட்டு நீதி குறித்த வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்க தருக்கம்தான். ஆனால் பயணச்சீட்டில் இது எங்கும் எழுதப்படுவதில்லை. அறிந்தவர் அறிவார்; அறியாதவருக்கு யாரும் சொல்வதில்லை.

ரயிலில் நிலைமை வேறு. நடுப்படுக்கைக்காரர் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் படுக்கையை விரித்து உறங்கலாம், மற்ற நேரங்களில் கீழ்ப்படுக்கை மூவருக்கும் பொதுவான இருக்கை என்று இந்திய ரயில்வே எழுதியே வைத்திருக்கிறது. முன்பு 9 மணி என்றிருந்ததை 2017இல் ஒரு சுற்றறிக்கை 10 மணி என மாற்றியது. நோயுற்றோர், மாற்றுத்திறனாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் கூடுதல் நேரம் உறங்க நேர்ந்தால் சக பயணிகள் ஒத்துழைக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் அதில் உண்டு. விதி இருப்பதால் ரயிலில் சண்டையும் வாய்விட்டு நடக்கிறது. விதியைச் சொல்ல ஒருவர், மறுக்க ஒருவர், சமாதானம் செய்ய எதிரிருக்கைக்காரர் ஒருவர் எனப் பெட்டி முழுவதும் வழக்கில் பங்கேற்கும். விமானத்தில் விதியும் இல்லை, வாயும் இல்லை. வழக்கை முழங்கைகளே நடத்துகின்றன.

இந்த மௌனத்திற்குக் காரணம் உண்டு. மானிடவியலாளர் எட்வர்ட் டி. ஹால் 1966இல் வெளியிட்ட நூலில், மனிதர் தம்மைச் சுற்றிப் பேணும் தொலைவுகளை வகைப்படுத்தினார். அவற்றுள் 18 அங்குலத்திற்கு உட்பட்டது நெருக்கத்தின் எல்லை. குழந்தை, துணைவர், நெருங்கிய உறவு என மிகச் சிலரை மட்டுமே அதற்குள் அனுமதிக்கிறோம். விமான இருக்கையின் அகலமும் ஏறக்குறைய அதுவே. முன்பின் அறியாத இருவரை அந்த எல்லைக்குள் மணிக்கணக்கில் அமர்த்தும்போது, அவர்கள் ஒருவரையொருவர் காணாததுபோல் இருந்தே அந்த நெருக்கத்தைத் தாங்குகிறார்கள். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் நாகரிகமான பாராமுகம் என்று இதைக் கருத்தாக்கினார். பேசத் தொடங்கினால் அந்தத் திரை விலகிவிடும். எனவே கைப்பிடியைப் பற்றி வாய் திறப்பதைவிட, அதைப் பறிகொடுப்பதே பலருக்கு எளிதாக இருக்கிறது.

வாய் திறவாமல் கருவியை நாடியவர்களும் உண்டு. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து டென்வர் சென்ற விமானத்தில், முன்னிருக்கை பின்னால் சாயாதபடி தடுக்கும் சிறு கருவியைப் பயணி ஒருவர் பொருத்தினார். தகராறு முற்றி விமானம் சிகாகோவில் இறக்கப்பட்டது, இருவரும் வெளியேற்றப்பட்டனர். சில அங்குல வெளிக்காக ஒரு விமானமே திசை மாறியது. அந்த அங்குலங்களைக் குறைத்து விற்றவர்களை அன்று இருவருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

பாட்னா விமானம் மேலெழுந்து இருக்கைப்பட்டை விளக்கு அணைந்ததும் இடப்பக்கத்தவர் மடிக்கணினியைத் திறந்தார். அவரது வலது முழங்கை கைப்பிடி முழுவதையும் நிரப்பி, அப்பாலும் சற்று நீண்டது. மாணவிக்கு மரபு தெரியும். அந்தக் கைப்பிடி தன்னுடையது என்பதும் தெரியும். ஆயினும் ஆண் பயணியின் முழங்கையை ஒரு பெண் தன் முழங்கையால் தள்ளுவது இடப்பூசலாக மட்டும் எண்ணப்படும் என்று எந்த உறுதியும் இல்லை. பேருந்திலும் மெட்ரோவிலும் பல ஆண்டுகளாகப் பழகிய கணக்கு அது: பட்ட முழங்கை தற்செயலா, வேண்டுமென்றா? நாமும் பதிலுக்கு அசைந்தால் என்ன பொருள் கொள்ளப்படும்? அவள் இடக்கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். வலப்பக்கக் கைப்பிடி காலியாக இருந்தது. மரபின்படி அதுவும் அவளுடையதே. வலது முழங்கையை அதில் நன்றாக ஊன்றி, படிக்க வேண்டிய கட்டுரையில் ஆழ்ந்தாள். பாதி நீதியாவது கிடைத்ததில் ஒரு நிறைவு.

ஒரு மணி நேரம் கழிந்த பிறகே சன்னல் பக்கம் பார்த்தாள். முதியவர் இரு கைகளையும் முழங்கால்களுக்கிடையே செருகி, தோளை விமானச் சுவரில் அழுத்தி, ஏறியபோது இருந்த அதே நிலையில் இருந்தார். அவளது முழங்கைக்கும் அவரது உடலுக்கும் இடையே ஒரு சாண் வெளி இருந்தது. 18 அங்குல இருக்கையில் ஒரு சாண் விட்டுக்கொடுக்க வேண்டுமானால் உடலை எவ்வளவு சுருக்க வேண்டும் என்று எண்ணியபோது அவளுக்குத் துணுக்கென்றது. பணிப்பெண் தந்த தண்ணீரையும் அவர் மறுத்திருந்தார்.

கோஃப்மன் 1971இல் எழுதிய நூலொன்றில், ஒருவர் தமக்கெனக் கொள்ளும் வெளிகளை ஆராய்கையில், சமூகப் படிநிலையில் உயர உயர அவ்வெளிகளின் பரப்பும் அவற்றின்மீதான ஆளுகையும் பெருகுகின்றன என்று குறிப்பிடுகிறார். அந்த அதிகாரத்தை அவள் கருத்தரங்கக் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்கிறாள். இந்த நாட்டில் அந்தச் செய்தியை அறிய அமெரிக்க நூல் தேவையுமில்லை. 1901இல் ஒன்பது வயதுச் சிறுவன் அம்பேத்கர் உடன்பிறந்தாருடன் தந்தையைக் காண ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கியபோது, நல்லுடை அணிந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிய நிலைய அதிகாரி, அவர்கள் மகர்கள் என்று அறிந்ததும் பின்வாங்கினார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைகளே வண்டியை ஓட்டுவது, தான் உடன் நடந்து வருவது என்ற ஏற்பாட்டுக்குத்தான் இறுதியில் ஒருவர் இசைந்தார். பிற்காலத்தில் அம்பேத்கரே இதைப் பதிவுசெய்தார். மேலைநாட்டார் தனிவெளி என்று போற்றும் அந்தத் தொலைவு, இங்கே நூற்றாண்டுகளாகச் சிலருக்கு உரிமையாகவும் பலருக்குத் தண்டனையாகவும் வழங்கி வந்திருக்கிறது. தம் அளவுகள் அமெரிக்க வடகிழக்குக் கரையின் நடுத்தர வர்க்கத்தாரிடம் திரட்டியவை என்று ஹாலே எச்சரித்திருந்தார்.

முதியவர் எந்தச் சாதியினர் என்று மாணவிக்குத் தெரியாது; கேட்பது தகாது என்று தெரியும். வயதோ, வறுமையோ, முதற்பயணத்தின் அச்சமோ, பக்கத்தில் இளம்பெண் இருப்பதால் கொண்ட கண்ணியமோ, எதுவும் காரணமாக இருக்கலாம். ஒன்று மட்டும் தெளிவாயிற்று. காலியாக இருந்ததென்று அவள் எடுத்துக்கொண்ட இடம், அவர் கேட்கப் பழகாததால் காலியாக இருந்தது. மரபு இருக்கைகளை எண்ணியது. இருக்கையில் அமர்ந்திருக்கும் உடல்களை எண்ணவில்லை. உடலை எண்ணச் சில வேளை சட்டமே வர வேண்டியிருக்கிறது. உடற்பருமனால் ஏற்பட்ட இயலாமை காரணமாக இரண்டு இருக்கை தேவைப்படுவோரிடம் உள்நாட்டுப் பயணத்தில் இரண்டாம் கட்டணம் வாங்கலாகாது என்று கனடாவின் போக்குவரத்து ஆணையம் 2008இல் அந்நாட்டின் பெரிய விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது அவ்வகையில் ஒன்று.

அவள் முழங்கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "சாச்சாஜி, கையை இதில் வைத்துக்கொள்ளுங்கள்."

"பரவாயில்லை பிட்டியா, எனக்கு இப்படியே வசதியாக இருக்கிறது."

"வெகுநேரமாக ஒடுங்கியே இருக்கிறீர்கள். இது உங்களுக்கும் உரியதுதான்."

மறுத்தால் அவள் மனம் நோகுமோ என்பதுபோல் அவர் கைப்பிடியின் நுனியில் விரல்களை வைத்தார். ஐந்து நிமிடம் போயிருக்காது. கை பழைய இடத்திற்குத் திரும்பிவிட்டது.

அவள் இடப்பக்கம் திரும்பி, "சற்றே இடம் தருகிறீர்களா?" என்றாள். மடிக்கணினிக்காரர் நிமிர்ந்து பார்த்து, "அடடா, மன்னியுங்கள், கவனிக்கவேயில்லை" என்று உடனே முழங்கையை விலக்கிக்கொண்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஒரு மணி நேரமாக அவள் அஞ்சிய வழக்கு மூன்று சொற்களில் முடிந்தது. வலப்பக்கத்திலோ எத்தனை சொல்லியும் முடியவில்லை. கவனக்குறைவாகப் பரவியவரை ஒரு கேள்வி திருத்திவிடுகிறது. ஒடுங்கக் கற்றுக்கொண்டவரை ஓர் அழைப்பு அவ்வளவு எளிதில் விரித்துவிடுவதில்லை. பண்பாட்டு விதிகள் எழுதுவோர் பெரும்பாலும் முதலாமவரை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள்.

சற்று நேரம் கழித்து அவளுக்கு மற்றொன்று உறைத்தது. தண்ணீரை அவர் ஏன் மறுத்தார்? குரலைத் தாழ்த்தி, "சாச்சாஜி, எழுந்து போய்வர வேண்டுமா?" என்று கேட்டாள். அவர் சன்னலைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார். அவள் சொல்லவும் மடிக்கணினிக்காரர் கணினியை மூடி எழுந்தார். இருவரும் நடைவழியில் நின்று வழிவிட்டனர். பணிப்பெண் பின்பக்கம் அழைத்துச் சென்று கதவைத் திறக்கும் விதத்தைக் காட்டினார்.

திரும்பி வந்து அமர்ந்தவர் முதன்முறையாகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வலத்தோள் சுவரிலிருந்து சற்றே விலகியிருந்தது. கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன. அவளும் தன் கையை அங்கே மீண்டும் வைக்கவில்லை. பாட்னாவில் இறங்கும்வரை அந்தக் கைப்பிடி காலியாகவே இருந்தது.