கண்ணுக்குத் தெரியும் மீன்



தஞ்சைத் தரணி என்றதும் உங்கள் நினைவில் எழுவது நெல் வயலாகத்தான் இருக்கும். அந்த வயல்களை நனைத்துவிட்டு வரும் பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயலில் கலக்கின்றன. அங்கிருந்து அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என நீளும் பாக் நீரிணைக் கரையோரம் ஆழம் மிகக் குறைவு. காற்று ஓய்ந்து நீர் தெளியும் நாட்களில், அங்கே மீனைக் கண்ணால் கண்டு வலை வீசுவார்கள்.

மத்ரஸா விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்கு முன்னர், வீச்சு வலைக்காரர்களுடன் நானும் சில முறை நடந்திருக்கிறேன். வெயில் முதுகில் விழும்படி நிற்பார்கள். ஆனால் தம் நிழல் மடவைக் கூட்டத்தின் மேல் விழுந்தால் அது கலைந்துவிடும். “அசரத்து, மீனைத் தேடாதீங்க. தரையில ஓடுற நெழலப் பாருங்க” என்றார் ஒரு முதியவர். மீனின் முதுகு நீரின் நிறத்தோடு ஒன்றிவிடும். அதன் நிழலோ மறையாது.

கண்ட இடத்தில் மீன் இருப்பதுமில்லை. நீரிலிருந்து வெளிவரும் ஒளி வளைவதால், மீன் உள்ள இடத்திற்குச் சற்று மேலே தெரிகிறது. பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால்தான் நாம் காண்கிறோம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளக்கினார். ஒளி வளைவதையும் அவர் ஆராய்ந்தார். அவருடைய பணியின் ஆயிரமாவது ஆண்டும் 2015ஆம் ஆண்டு உலக ஒளி ஆண்டில் நினைவுகூரப்பட்டது. ஏட்டில் அவர் எழுதிய அந்த உண்மையை நம் வலைக்காரரின் கை பழக்கத்தால் அறிந்திருக்கிறது.

காண்பது வேறு, உரிமை வேறு. கடலில் நீந்தும் மீனை விற்பது கூடாது என்பது ஃபிக்ஹுச் சட்டம். பிடிபடாத வரை அது எவருக்கும் சொந்தமில்லை.

திருமறையின் அஃராஃப் அத்தியாயத்தில் ஒரு கடற்கரை ஊரின் வரலாறு வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்பது அவ்வூராருக்கு இடப்பட்ட கட்டளை. அன்றுதான் மீன்கள் நீரின் மேலே கண்ணுக்குத் தெரியும்படி வந்தன; மற்ற நாட்களில் வரவில்லை. சிலர் வரம்பு மீறினர், சிலர் தடுத்தனர், வேறு சிலர், “இவர்களுக்கு ஏன் உபதேசம்?” என்று கேட்டனர். தீமையைத் தடுத்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள் என்கிறது மறை.

இது பழங்கதை அல்ல, வாசகர்களே! அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ என்னும் வரிமீனையும் ஆழமற்ற மணல் திட்டுகளில் இப்படியே கண்டு பிடிப்பார்கள். அளவு மீறிப் பிடித்ததில் அந்த இனம் அருகிப் போயிற்று. 1984இல் அதைக் காக்க ஒரு சட்டம் வந்தது. மேரிலாந்து மாநிலம் 1985இல் அதைப் பிடிப்பதையே நிறுத்தி, ஐந்தாண்டுகள் பொறுத்தது. மீன் பெருகிற்று, 1995இல் அது மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். வரம்பு தளர்ந்தபோது, 2019ஆம் ஆண்டு ஆய்வில் மறுபடியும் குறைந்திருந்தது.

நம் கொடுவா மீனின் படைப்பைச் சிந்தித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் ஆணாகவே முதிர்ச்சி அடைந்து, சில ஆண்டுகள் சென்று உடல் பெருத்த பின்னரே பெண்ணாக மாறுகிறது. குஞ்சிலேயே பிடித்தால் அது முட்டையிடும் வயதை எட்டாது. பெரியவற்றை எல்லாம் பிடித்தால் முட்டையிடத் தாய் இராது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கியது உண்மைதான். ஆயினும் காயலின் வளத்தைப் பொரிப்பகம் ஈடு செய்யுமா?

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை உண்டு. கரையோரச் சிறுவலைகளுக்கு அத்தடை இல்லை. அங்கே காவல் நிற்க வேண்டியது மனிதனின் மனச்சான்றுதான். வலைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சினை மீன்தான் வேண்டும் என்று கேட்பது யார்? விரல் நீளக் கொடுவாவைப் பேரம் பேசி வாங்குவது யார்? நம் வீட்டுச் சமையலறைதான் அந்த வலையை வீசச் சொல்கிறது.

சகோதரிகளே, அடுத்த முறை கூடைக்காரம்மா வாசலில் வந்து நிற்கும்போது, குஞ்சு மீனைப் பார்த்து “இது வேண்டாம்” என்று ஒரு சொல் சொல்லுங்கள். தடுத்தவர்களின் அணியில் நாமும் சேர அது போதும். கடலிலிருந்து ஹலாலான உணவை நமக்கு அளித்த அல்லாஹ், அதை அளவோடு உண்ணும் பக்குவத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.