பசியை மறக்கச் செய்யும் செடி

2011ஆம் ஆண்டு. வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தின் மாதர் சங்கக் கூட்டம். நான் சிறுசேமிப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி சின்னப் போத்தல் ஒன்றை என் கையில் தந்தாள். இலண்டனிலிருந்து மாமி அனுப்பிய பெட்டிக்குள் சட்டைகளோடு வந்ததாம். "அக்கா, இது சத்து மாத்திரையோ?" என்று கேட்டாள்.

வாசித்துப் பார்த்தேன். சத்து மாத்திரை அல்ல. 'ஹூடியா' என்ற செடியின் தூள். உடல் மெலிவதற்காகப் பசியை அடக்குவதாம். அதைச் சொன்னதும் அருகிலிருந்த ஓர் அம்மா சிரித்துவிட்டார்.

"உதை ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஆரும் தந்திருந்தா, கஞ்சிக்கு அழுத பிள்ளையளுக்குக் குடுத்திருப்பன், பிள்ளை."

ஒருவரும் பேசவில்லை. நானும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன்.

அந்தச் செடியைப் பற்றி அதன்பின் தேடி வாசித்தேன். தென்னாபிரிக்கா, நமீபியா, பொட்ஸ்வானா நாடுகளின் வறண்ட நிலங்களில் வளர்வது. பார்வைக்குக் கள்ளி போல முள்ளோடு தடித்த தண்டு; ஆனால் கள்ளி இனம் அல்ல, நம் எருக்கலையின் குடும்பம். பூ பெரியது, அழகானது. மணமோ அழுகிய இறைச்சி மணம். தேனீ அல்ல, ஈக்களே அதைத் தேடி வரும்.

கலஹாரிப் பாலைவனத்தில் சான் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். வேட்டைக்குப் போகும்போது பசியும் தாகமும் தெரியாமலிருக்க இதன் தண்டை மெல்லுவார்கள். 1990களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்க அரச ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, பசியடக்கும் அந்தப் பொருளுக்குக் காப்புரிமை பெற்று வெளிநாட்டுக் கம்பனிக்கு உரிமம் கொடுத்தது. சான் மக்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்தச் சனம் அழிந்துபோய்விட்டது என்று நினைத்ததாகக் கம்பனித் தரப்பில் சொல்லப்பட்டதென 2001இல் பத்திரிகைகள் எழுதின. உயிரோடு இருந்தவர்களோ ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர்! இந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். பதிவில் பெயர் இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று முடிவு கட்டுவதை நிவாரண வரிசைகளில் நானும் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் சட்டத்தரணியோடு போய்ப் பேசினார்கள். 2003 மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வரும் உரிமத் தொகையில் 6 வீதமும், ஆய்வுக் கட்டங்களுக்கான கொடுப்பனவில் 8 வீதமும் அவர்களுக்கு.

இதற்கிடையில் செடிக்கு ஆபத்து வந்தது. மெலிவு மாத்திரைக்கு வெளிநாடுகளில் கிராக்கி கூட, காட்டிலிருந்து கண்டபடி பிடுங்கினார்கள். மெதுவாக வளரும் செடி இது. வேரோடு போனால் அந்த இடம் நிரம்பச் சில வருடங்கள் செல்லும். எனவே மூன்று நாடுகளும் சேர்ந்து கேட்க, 2004இல் பாங்கொக்கில் கூடிய சைற்றிஸ் மாநாடு ஹூடியா இனங்களை இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. அழியும் தறுவாயில் உள்ளது என்பதல்ல இதன் பொருள். கட்டுப்பாடு இல்லாவிட்டால் அந்த நிலைக்கு வரலாம் என்பதே. வியாபாரம் தடையில்லை, அனுமதிப் பத்திரம் வேண்டும். அதற்குப் பிறகும் கள்ளச் சந்தை நின்றுவிடவில்லை. ஹூடியா என்று விற்ற மாத்திரைகள் பலவற்றில் அந்தச் செடியே இருக்கவில்லை என்பது வேறு கதை.

2008இல் பெரிய கம்பனி பின்வாங்கியது. பாதுகாப்பும் பலனும் போதாது என்றது. கேள்வி விழ, பிடுங்குவதும் குறைந்தது. செடிக்கு அது நிம்மதி. விற்கலாம் என்று நம்பிப் பயிரிட்டவர்களுக்கோ கையில் செடி மட்டும்.

அடுத்த கூட்டத்தில் இவ்வளவையும் சொன்னேன். சங்கத்துப் பெண்கள் பேசாமல் கேட்டார்கள். அந்த அம்மா மட்டும் இடையில் கேட்டார்: "அப்ப அந்தச் சனத்துக்குக் காசு கிடைச்சதோ?"

"கொஞ்சம் கிடைச்சது அம்மா. எதிர்பார்த்த அளவுக்கு இல்லை."

"ஆனா கையெழுத்துப் போட்ட கடதாசி அவையிட்ட இருக்குத்தானே?"

"இருக்கு."

"அது காணும்," என்றார். பிறகு தன் காணிப் பத்திரத்துக்கு எழுதிய மனுவின் பிரதியைப் பையிலிருந்து எடுத்து, இதில் திகதி சரியா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.