கடைசிப் பெயர்

நியூகாசில் ஆபீஸில் முதல் நாள், பக்கத்து சீட்காரர் என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. மூன்றாவது தடவை வந்து தோளைத் தொட்டபோதுதான் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை எழுதியிருந்தேன். ஐடி கார்டில் சர்நேமை முதலில் அச்சடிப்பார்கள். அதையே என் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் வாரம் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். எட்டு மாதம் அப்பா பெயரில் வேலை பார்த்தேன்.

குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ப்ரோக்ராமராக எத்தனையோ டேபிள்களில் லாஸ்ட் நேம் ஃபீல்டை "நாட் நல்" என்று நானே எழுதியிருக்கிறேன். காலியாக விட்டால் சிஸ்டம் ஏற்காது. ஃபோனில் அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "அப்ப எனக்கும் சேத்து சம்பளம் போடச் சொல்லு." அவர் முப்பது வருடம் லேத் பட்டறையில் நின்றவர்.

அங்கிருந்தபோது ஒரு சனிக்கிழமை, ஹாரி பாட்டர் முதல் படத்தில் பிள்ளைகள் துடைப்பத்தில் பறக்கப் பழகும் கோட்டையைப் பார்க்கப் பஸ் ஏறினேன். "அல்ன்விக்" என்று டிக்கெட் கேட்டேன். டிரைவருக்குப் புரியவில்லை. ஃபோனில் எழுதிக் காட்டியதும், "ஓ, ஆனிக்!" என்றார்.

ஆனிக் கோட்டை பெர்சி குடும்பத்தின் வீடு. 1309ல் டர்ஹம் பிஷப்பிடமிருந்து ஹென்றி பெர்சி விலைக்கு வாங்கியது. இன்றும் அந்தக் குடும்பம் அங்கேதான் குடியிருக்கிறது. மதிலுக்கு மேலே கல்லில் செய்த வீரர்கள் நிற்கிறார்கள். கீழே நின்று எழுநூறு வருடத்தைக் கணக்குப் போட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் தாத்தாவுடைய அப்பா பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. இனிஷியல் ஒரு தலைமுறையைத்தான் தாங்கும். என் மகளுக்கு என் எழுத்து வரும், அதோடு அப்பாவின் எழுத்து போய்விடும்.

அன்று ராத்திரியிலிருந்து பெர்சிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

பெர்சி என்பது நார்மண்டியில் ஓர் ஊர்ப்பெயர். நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த கையோடு வந்த வில்லியம் டி பெர்சி அந்தப் பெயரைக் கொண்டுவந்தார். அவருடைய பட்டப்பெயர் பழைய பிரெஞ்சில் "மீசைக்காரர்". ஆல்ஜெர்னன் என்ற ஆங்கிலப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். பெயருக்கு வேறொரு கதையும் உண்டு. ஆனிக்கில் ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் மால்கமின் கண்ணைக் குத்திக் கொன்றதால் "கண்ணைக் குத்தியவன்" என்று பெயர் வந்ததாம். மால்கம் ஆனிக் பக்கத்தில் செத்தது உண்மைதான், 1093ல். பெர்சிகள் ஆனிக்குக்கு வந்தது அதற்கு இருநூறு வருடம் கழித்து. குலப்பெருமைக் கதைகள் எல்லா ஊரிலும் தேதி பார்க்காமல்தான் எழுதப்படுகின்றன போல.

கதை தேவைப்படாத அளவுக்கு ரத்தம் இருக்கிறது அந்தக் குடும்பத்தில். அரசனை எதிர்த்துக் கிளம்பிய ஹென்றி பெர்சி 1403ல் ஷ்ரூஸ்பரி போர்க்களத்தில் செத்தார். பட்டப்பெயர் ஹாட்ஸ்பர். டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கால்பந்து கிளப்பின் பெயரில் இருப்பது அவர்தான். அவருடைய அப்பா, நார்தம்பர்லாந்தின் முதல் எர்ல், 1408ல் போரில். இரண்டாம் எர்ல் 1455ல் போரில். மூன்றாமவர் 1461ல் போரில். நான்காமவரை 1489ல் வரி எதிர்ப்புக் கலகக்காரர்கள் கொன்றார்கள். ஏழாமவருக்கு 1572ல் தலை போனது. ஒன்பதாமவரின் உறவினர் தாமஸ் பெர்சி 1605ல் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதியில் இருந்தார். அதற்காக எர்ல் பதினாறு வருடம் லண்டன் டவரில் கிடந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் தப்பியது எப்படி? ஆண் வாரிசுகளால் அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே மீசைக்காரரின் ஆண் வழி அறுந்துவிட்டது. மிஞ்சிய மகள்களில் ஆக்னஸ், லூவெய்ன் நாட்டு ஜோசலினைக் கல்யாணம் செய்தாள். அவர்கள் பிள்ளைகள் அம்மா வழிப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆனிக்கை வாங்கியவரும் ஹாட்ஸ்பரும் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஆக அப்பா வழியில் பார்த்தால் ஹாட்ஸ்பரே பெர்சி இல்லை.

1670ல் மறுபடி அறுந்தது. பதினோராவது எர்ல் இறந்தபோது மிஞ்சியது மூன்று வயது மகள் எலிசபெத். இங்கிலாந்தின் மிகப்பெரிய சொத்துக்காரிகளில் ஒருத்தி. பன்னிரண்டு வயதில் முதல் கல்யாணம். அந்தப் பையன் பெர்சி என்று பெயர் மாற்றிக்கொண்டான், அடுத்த வருடமே செத்தான். இரண்டாவது கணவர் 1682ல் லண்டன் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம் மூன்றாவது கல்யாணம், சோமர்செட் ட்யூக் சார்ல்ஸ் சீமோருடன். அவளுக்குப் பதினைந்து வயது. அவரும் பெர்சி ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். வயது வந்ததும் அவளே அந்த நிபந்தனையிலிருந்து அவரை விடுவித்தாள்.

இதே சமயத்தில் அயர்லாந்திலிருந்து பெட்டி செய்யும் ஒரு தொழிலாளி வந்தார். பெயர் ஜேம்ஸ் பெர்சி. எர்ல் பட்டத்துக்கு நான்தான் வாரிசு என்று கிட்டத்தட்ட இருபது வருடம் வழக்காடினார். கடைசியில் 1689ல், தான் ஒரு போலி என்று எழுதிய தாளை மாட்டிக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து நீதிமன்றங்களைச் சுற்றிவரும்படி பிரபுக்கள் சபை தண்டித்தது. பிறந்ததிலிருந்தே பெர்சி என்ற பெயரோடு இருந்தவருக்கு இந்த மரியாதை.

அறுபது வருடம் கழித்து, எலிசபெத்தின் பேத்தியைக் கட்டிய ஹ்யூ ஸ்மித்சன் என்பவர் 1750ல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் பெர்சி ஆனார். 1766ல் நார்தம்பர்லாந்து ட்யூக். இன்றைய ட்யூக் அவர் வழிதான். ஸ்மித்சன் என்றால் கொல்லன் மகன் என்று பொருள். தன் அப்பா கொடுத்த பெயரை அவர் கழற்றி வைத்துவிட்டார்.

அதை எடுத்துப் போட்டுக்கொண்டது வேறொருவர்.

ட்யூக்குக்குக் கல்யாணத்துக்கு வெளியே ஒரு மகன். ட்யூக் மனைவியின் உறவுக்கார விதவை எலிசபெத் மேசிக்கு, 1765 வாக்கில் பாரிஸில் ரகசியமாகப் பிறந்தவர். ஜேம்ஸ் மேசி என்று வளர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1787ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நல்ல வேதியியலாளர். துத்தநாகக் கனிமம் ஒன்று அவர் பெயரால் ஸ்மித்சனைட் என்று அழைக்கப்படுகிறது. அம்மா இறந்த பிறகு, 1801ல், அரச அனுமதி பெற்று ஸ்மித்சன் ஆனார். பெர்சி அவருக்குக் கிடைக்காது. அது அப்பாவின் மனைவி வீட்டுச் சொத்து. அப்பா விட்டுப்போன பெயர்தான் மிச்சம்.

அவர் அண்ணன், சட்டப்படியான மகன், 1775ல் லெக்சிங்டனில் அமெரிக்கர்களிடம் சிக்கிய பிரிட்டிஷ் படையை மீட்கப் போன தளபதி. பிறகு இரண்டாம் ட்யூக். தம்பியோ ஒருமுறைகூட அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் 1826ல் எழுதிய உயிலில், தன் சகோதரர் மகன் வாரிசில்லாமல் இறந்தால் சொத்து முழுவதும் அமெரிக்காவுக்கு, அறிவை வளர்க்கவும் பரப்பவும் ஒரு நிறுவனம் தொடங்க, ஸ்மித்சோனியன் என்ற பெயரில் என்று எழுதினார். 1829ல் ஜெனோவாவில் இறந்தார். 1835ல் சகோதரர் மகனும் பிள்ளையில்லாமல் இறந்தார். 1838ல் லட்சத்துக்கும் மேற்பட்ட தங்க நாணயங்கள் கப்பலேறின. வாஷிங்டனில் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக இன்று நிற்பது அந்தப் பெயர்தான்.

அந்த உயிலின் தொடக்கத்தில் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது இப்படி: ஜேம்ஸ் ஸ்மித்சன், நார்தம்பர்லாந்தின் முதல் ட்யூக் ஹ்யூவின் மகன். அப்புறம், அம்மாவின் பெயரும் அவள் குடும்பமும். அறுபது வயதுக்காரர், அப்பா இறந்து நாற்பது வருடம் ஆகிறது, இன்னும் "இன்னாருக்கு மகன்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பிறந்திருந்தால் ஒரு எழுத்தில் முடிந்திருக்கும். ஹெச். ஜேம்ஸ்.

அந்த ஒற்றை எழுத்து நமக்குச் சும்மா வரவில்லை. 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப்பட்டத்தை விடச் சொன்னது. பெரியாரே தன் பட்டத்தை விட்டார். பெர்சிகளுக்குப் பெயர் நிலத்தோடு வந்தது. நமக்குப் பின்னால் ஒட்டியிருந்தது வேறு. அதைக் கழற்றியதில் வந்த காலி இடத்தைத்தான் என் மாதிரி ஆட்கள் எழுதிய சிஸ்டம் இப்போது நிரப்பச் சொல்கிறது.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் மகளுக்குப் பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தோம். அவளுக்கும் மூன்று வயது. சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போடலாம் என்று நான் சொன்னேன். அவள் பிள்ளைகளுக்கும் அதுவே போகட்டும். நம்மிடமும் ஒரு பெயர் நிற்கட்டுமே.

மனைவிக்கு நான் பெர்சி கதையை நிறையத் தடவை சொல்லியிருக்கிறேன். அது இப்போது திரும்பி வந்தது.

"அந்த மூணு வயசுப் பொண்ணு மேல ஏத்தி வெச்ச மாதிரி இவ மேலயும் ஏத்தணுமா? அவளே வளர்ந்ததும் வேணாம்னு விட்டுட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் பேசவில்லை.

"மாமா இருந்திருந்தா இதக் கேட்டுச் சிரிச்சிருப்பாரு."

அதுவும் உண்மை. அவர் சம்பளம் கேட்டிருப்பார்.

கடைசியில் அந்தக் கட்டத்தில் மனைவியின் பெயரை எழுதினோம். பெரிய கொள்கை எல்லாம் இல்லை. என் பெயர் ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து, அவள் பெயர் நாலுதான். எந்த ஃபாரத்திலும் அடங்கும். மகளுக்குப் பிடிக்காவிட்டால் பெரியவளானதும் கெஸட்டில் கொடுத்து மாற்றிக்கொள்ளட்டும். அப்பா பெயர் என்னோடு நின்றுவிடும். அது எனக்கு வருத்தம்தான்.

என்றாவது ஒருநாள், எந்த ஊரிலோ, யாராவது அவளை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதல் இரண்டு தடவை திரும்ப மாட்டாள்.