பனிக்கிடங்கு

லென்னோவிலிருந்து வில்லா தெல் பால்பியனெல்லோவுக்குப் படகிலேயே போய் இறங்கலாம். நடந்தால் சுமார் ஒரு கிலோமீட்டர், ஏற்றமும் இறக்கமுமாக. நடக்கலாம் என்றாள் மனைவி. முட்டிவலி அவளுக்குத்தான். நான் மறுத்துப் பேசவில்லை.

கோமோ ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை அது. பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் இருந்த இடம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கார்டினல் துரினி அதை மாளிகையாக்கினார். மடத்துக் கோயிலின் இரட்டை மணிக்கோபுரம் மட்டும் அப்படியே நிற்கிறது. பிறகு கைமாறிக் கைமாறி, 1974இல் குய்தோ மோன்சினோ வாங்கினார்.

இத்தாலியத் தோட்டம் என்றால் கோடு போட்ட பாத்திகளும் சமதளமும் மனசில் வரும். இங்கே அதற்கு வழியில்லை. பாறைமேல் ஏதோ கொஞ்சம் மண். அதனால் பாறை சொன்னபடி தோட்டம் வளைந்திருக்கிறது. பிளேன் மரங்களைக் கிளை கிளையாக வெட்டிக் கொத்துவிளக்குத் தண்டு மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். ஹோம் ஓக் ஒன்று விரித்த குடை. ஏரி மறையாமல் இருக்கத்தான் அந்த வடிவம். லோஜியா என்கிற திறந்த மண்டபத்தின் தூண்களில் கொடி அத்தி கயிறு சுற்றியதுபோல் ஏறியிருக்கிறது. "ஒரு வருஷம் விட்டுட்டா எல்லாம் காடாயிடும்ல?" என்றாள். ஆகிவிடும்.

மோன்சினோ பெரிய கடைத்தொடர் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. 1971இல் நாய்வண்டியில் வட துருவம் போனவர். 1973இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இத்தாலியக் குழுவுக்குத் தலைவர். ஹெலிகாப்டரெல்லாம் வைத்துக்கொண்டு ஏறியது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அது வேறு விஷயம். மேல்மாடியில் அந்தச் சறுக்குவண்டி இருக்கிறது. அதைவிட என்னை நிறுத்தியது சுவருக்குள் ஓடும் ரகசிய வழிகள். எழுபதுகளில் இத்தாலியில் பணக்காரர்களைக் கடத்துவது நடந்துகொண்டிருந்தது. துருவம்வரை போனவர் சொந்த வீட்டில் ஒளிய இடம் கட்டியிருக்கிறார்.

அவருக்கு வாரிசு இல்லை. 1988இல் இறந்தபோது வீட்டையும் தோட்டத்தையும் ஃபாய் என்ற இத்தாலியப் பாரம்பரிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார். கல்லறை தோட்டத்திலேயே, பழைய பனிக்கிடங்குக்குள். கோடைக்காக ஐஸ் சேர்த்து வைத்த அறை. பனியிலேயே திரிந்தவருக்குப் பொருத்தம்தான் என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நம்ம வீட்ட யாருக்குங்க எழுதுறது?"

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் இந்தப் பேச்சை அவள் எடுத்தது அன்றுதான், நானும் எடுத்ததில்லை. உன் தங்கை மகன் இருக்கிறானே என்றேன். "அவன் வித்துடுவான்." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கொல்லையில அந்த மாமரத்த மட்டும் வெட்டக்கூடாதுன்னு எழுத முடியுமா?" என்று கேட்டாள்.

வக்கீலைக் கேட்க வேண்டும் என்றேன். திரும்பும்போது படகில் வந்தோம்.